ஆய்வகப் பாதுகாப்பு: விதிகளும் அவற்றின் காரணங்களும்

ஆய்வகப் பாதுகாப்பு என்பது அறிவியல் ஆய்வகத்தில் பணிபுரிவோருக்கும், அருகில் இருப்போருக்கும், சுற்றுப்புறத்துக்கும் தீங்கு நேராதவாறு சோதனைகளைச் செய்யும் முறைகளின் தொகுப்பு ஆகும். வேதிப்பொருள்களைக் கையாளுதல், தீயைப் பயன்படுத்துதல், கண்ணாடிக் கருவிகள், வாயு உருளைகள், மின்கருவிகள், நுண்ணுயிரிகள், கழிவுகளை அகற்றுதல், முதலுதவி ஆகியவை இதில் அடங்கும்.

பள்ளி மாணவர்கள் இந்த விதிகளைச் செய்முறைப் பதிவேட்டின் முதல் பக்கத்தில் எழுதி, ஆசிரியரிடம் கையொப்பம் வாங்கிய பின் மறந்துவிடுவது வழக்கம். காரணம் தெரியாத விதி மனத்தில் நிற்பதில்லை. காரணம் தெரிந்தவரோ, நூலில் சொல்லப்படாத சூழ்நிலையிலும் சரியாக நடந்துகொள்வார்.

இது நம் ஊர் ஆய்வகங்களுக்கு மிகவும் பொருந்தும். பல நூல்கள் 25 டிகிரி செல்சியஸ் அறை வெப்பநிலை, எந்நேரமும் நீர் வரும் குழாய், புகையை வெளியேற்றும் கண்ணாடிப் பெட்டி ஆகியவை இருப்பதாக எண்ணிக்கொண்டு விதிகளைக் கூறுகின்றன. திருவண்ணாமலை போன்ற ஒரு கோயில் நகரத்தின் பள்ளியிலோ கல்லூரியிலோ இவை எல்லாம் எப்போதும் கிடைப்பதில்லை. கோடை வெயில், நீர்த் தட்டுப்பாடு, திருவிழாக் கூட்டம் ஆகியவற்றையும் கணக்கில் கொண்டே இங்கு சோதனைகளைச் செய்ய வேண்டும். ஆகவே இக்கட்டுரை அந்நகரத்தை எடுத்துக்காட்டாகக் கொண்டு, ஒவ்வொரு விதியையும் அதன் காரணத்தோடு விளக்குகிறது.

விதிகள் தோன்றிய வரலாறு

ஆய்வக விதிகளில் பெரும்பாலானவை விபத்துகளுக்குப் பின் எழுதப்பட்டவை. பிரெஞ்சு அறிவியலாளர் பியர் லூயி டூலோங் 1811இல் நைட்ரஜன் டிரைகுளோரைடு என்னும் வெடிக்கும் சேர்மத்தைக் கண்டறிந்தார். அதற்கு அவர் கொடுத்த விலை ஒரு கண்ணும் இரண்டு விரல்களும். அடுத்த ஆண்டு அதே பொருளைத் தயாரித்த ஆங்கிலேய வேதியியலாளர் ஹம்ப்ரி டேவியின் கண்ணிலும் காயம் ஏற்பட்டது. அந்நாள்களில் அவருக்காகக் குறிப்பு எழுதித் தந்த இளைஞர்தான் பின்னாளில் புகழ்பெற்ற மைக்கேல் ஃபாரடே.

நம் மாணவர்கள் நாள்தோறும் பயன்படுத்தும் பன்சன் அடுப்புக்குப் பெயர் தந்தவர் ஜெர்மனியின் ராபர்ட் பன்சன் (1811–1899). ஆர்செனிக் கலந்த சேர்மம் ஒன்றை ஆராய்ந்தபோது ஏற்பட்ட வெடிப்பில் அவர் வலக் கண்ணின் பார்வையை இழந்தார். ரேடியத்தைக் கண்டறிந்த மேரி கியூரி 1934இல் குருதிச் செல்கள் உருவாவது குன்றும் நோயால் இறந்தார். பல ஆண்டுகள் கதிர்வீச்சுக்கு ஆட்பட்டதே அதற்குக் காரணம் என்று கருதப்படுகிறது. அவருடைய குறிப்பேடுகளில் இன்றும் கதிரியக்கம் உள்ளது.

இவர்கள் கவனமற்றவர்கள் அல்லர். தாம் கையாளும் பொருளின் தன்மை அவர்கள் காலத்தில் தெரிந்திருக்கவில்லை. இன்று அது தெரியும். தெரிந்ததைப் பயன்படுத்தாமல் இருப்பதே இன்றைய விபத்துகளுக்குப் பெரும்பாலும் காரணமாகிறது.

வெயிலும் வேதிப்பொருள்களும்

சித்திரை, வைகாசி மாதங்களில் திருவண்ணாமலையில் பகல் வெப்பநிலை 40 டிகிரி செல்சியஸை ஒட்டிச் செல்லும். கான்கிரீட் கூரையின் கீழ், சன்னல் மூடிய வேதிப்பொருள் அறையில் வெப்பம் மேலும் மிகுதியாக இருக்கும். இந்த வெப்பநிலையில் சில பொருள்கள் நூலில் கூறப்பட்டவாறு நடந்துகொள்வதில்லை.

டைஎத்தில் ஈதரின் கொதிநிலை 34.6 டிகிரி. அதாவது, அக்னி நட்சத்திர நாள்களில் அது புட்டிக்குள்ளேயே கொதிக்கும் நிலைக்கு வந்துவிடுகிறது. 25 விழுக்காடு அம்மோனியாக் கரைசல் ஏறக்குறைய 38 டிகிரியில் கொதிக்கத் தொடங்கும். மூடிய புட்டியில் அழுத்தம் கூடியிருக்கும்போது மூடியைத் திருகினால் கரைசல் பீறிட்டு முகத்தில் அடிக்கும். அம்மோனியா கண்ணின் உள்ளே விரைந்து ஊடுருவிப் பார்வையையே கெடுக்கக்கூடிய காரம்.

எனவே கோடையில் அம்மோனியாப் புட்டியைத் திறக்கும் முன், அதைக் குளிர்ந்த நீர் உள்ள வாளியில் சிறிது நேரம் வைத்து ஆறவிட வேண்டும். பிறகு ஈரத்துணியால் மூடியைச் சுற்றிப் பிடித்து, முகத்தை விலக்கி, மெதுவாகத் திறக்க வேண்டும். இதற்குக் கருவி எதுவும் தேவையில்லை. ஐந்து நிமிடப் பொறுமை போதும்.

ஹைட்ரஜன் பெராக்சைடு வெப்பத்தில் சிதைந்து ஆக்சிஜனை வெளியிடும். அதனால்தான் அதன் புட்டிக்குக் காற்று வெளியேறும் மூடி இடப்படுகிறது. அதை எடுத்துவிட்டு இறுக்கமான வேறு மூடியைப் போடக்கூடாது. ஈதர் காற்றோடும் ஒளியோடும் வினைபுரிந்து, நாளடைவில் வெடிக்கும் பெராக்சைடுகளை உண்டாக்கும். ஆகவே ஈதர் புட்டியின் மேல் அதைத் திறந்த நாளை எழுத வேண்டும். பல ஆண்டுகளாகக் கிடக்கும் ஈதர் புட்டியை மாணவர் எவரும் தொடக்கூடாது.

வெயிலுக்குப் பயந்து இப்பொருள்களை வீட்டு உபயோகக் குளிர்பதனப் பெட்டியில் வைப்பதும் ஆபத்து. அதன் உள்விளக்கும் வெப்பநிலைச் சீராக்கியும் உண்டாக்கும் சிறு பொறியே உள்ளே தேங்கிய ஆவியைப் பற்றவைக்கப் போதுமானது. வேதிப்பொருள் உள்ள பெட்டியில் உணவையோ குடிநீரையோ வைப்பதும் கூடாது.

தீ: எரிவது ஆவியே

கிரிவலப் பாதையில் உள்ள எட்டு லிங்கங்களின் சந்நிதிகளிலும் கற்பூரம் ஏற்றப்படுகிறது. கற்பூரம் எரிய திரி தேவையில்லை. அது திண்ம நிலையிலிருந்து எளிதில் ஆவியாகும். அந்த ஆவிதான் எரிகிறது. கார்த்திகைத் தீபத்தன்று 2,668 அடி உயர மலையுச்சியில் ஏற்றப்படும் மகாதீபத்துக்கோ நெய்யுடன் துணித்திரியும் தேவைப்படுகிறது. குளிர்ந்த நெய்யில் தீக்குச்சியைக் காட்டினால் உடனே பற்றிக்கொள்ளாது. திரியில் ஏறிய நெய் சூடாகி ஆவியான பிறகே எரியத் தொடங்குகிறது.

ஒரு பொருளின் ஆவி, தீச்சுடர் பட்டவுடன் பற்றிக்கொள்ளும் மிகக் குறைந்த வெப்பநிலை அதன் தீப்பற்றுநிலை எனப்படும். ஈதருக்கு இது சுழியத்துக்குக் கீழ் 45 டிகிரி. அசிட்டோனுக்குச் சுழியத்துக்குக் கீழ் 20 டிகிரி அளவு. எத்தில் ஆல்கஹாலுக்கு 13 முதல் 17 டிகிரி வரை. ஆகவே நம் ஊரில் இவை மூன்றும் மார்கழிக் குளிரிலும் தீப்பற்றும் நிலையிலேயே உள்ளன.

இந்த ஆவிகள் காற்றைவிடக் கனமானவை. ஈதர் ஆவி காற்றைப் போல் இரண்டரை மடங்குக்கு மேல் அடர்த்தி உடையது. அது மேலே கலைந்து போகாமல், மேசையின் மீது கண்ணுக்குத் தெரியாமல் வழிந்து சென்று, தள்ளியிருக்கும் அடுப்பை அடைந்து, தீயைப் புட்டிவரை கொண்டுவரும். "அடுப்பு தூரத்தில்தான் இருக்கிறது" என்ற எண்ணம் இதனால்தான் ஏமாற்றுகிறது. இத்தகைய நீர்மங்களைத் திறக்கும் முன் அறையிலுள்ள எல்லாச் சுடர்களையும் அணைக்க வேண்டும். சூடாக்கத் தேவைப்பட்டால் நீர்த்தொட்டியில் வைத்தே சூடாக்க வேண்டும்.

எரிவாயு இணைப்பு இல்லாத பள்ளிகளில் ஸ்பிரிட் விளக்கு பயன்படுகிறது. எரியும் விளக்கில் ஸ்பிரிட் ஊற்றவே கூடாது. ஸ்பிரிட்டின் சுடர் வெளிறிய நீல நிறம் கொண்டது. பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. விளக்கு அணைந்துவிட்டது என்று எண்ணி ஊற்றும்போது தீ ஊற்றும் புட்டிக்குள் பாய்ந்து, எதிரில் நிற்பவர் மீது எரியும் ஸ்பிரிட்டைப் பீய்ச்சும். விளக்கை மூடியால் மூடி, ஆறிய பிறகே நிரப்ப வேண்டும். ஒரு விளக்கைக் கொண்டு மற்றொன்றைச் சாய்த்துப் பற்றவைக்கக் கூடாது.

எரிவாயு உருளை உள்ள ஆய்வகத்தில் உருளையைக் கட்டடத்துக்கு வெளியே, காற்றோட்டமான இடத்தில் நிறுத்த வேண்டும். சமையல் எரிவாயுவும் காற்றைவிடக் கனமானது, தரையில் தேங்கும். வாடை வந்தால் மின்விசிறி, விளக்கு ஆகியவற்றின் பொத்தானைத் தொடாமல், சன்னல்களைத் திறந்து, வால்வை மூடி, எல்லோரும் வெளியேற வேண்டும்.

தீயை அணைக்கும் முறையும் எரியும் பொருளைப் பொறுத்தது. தாள், துணி, மரம் எரிந்தால் நீர் ஊற்றலாம். எண்ணெயோ கரைப்பானோ எரிந்தால் நீர் ஊற்றக்கூடாது. அது தீயைப் பரப்பும். முகவையில் சிறு தீ என்றால் கண்ணாடித் தட்டாலோ ஈரத்துணியாலோ மூடினால் காற்றின்றி அணையும். பெரிய தீக்கு உலர்தூள் அல்லது கார்பன் டைஆக்சைடு தீயணைப்பான் தேவை. சோடியம் போன்ற உலோகத் தீயை உலர்ந்த மணலால் மூட வேண்டும். மின்கருவி எரிந்தால் முதலில் மின்சாரத்தைத் துண்டிக்க வேண்டும்.

அமிலங்களும் காரங்களும்

"அமிலத்தை நீரில் சேர், நீரை அமிலத்தில் சேர்க்காதே" என்பது எல்லோரும் அறிந்த விதி. அடர் கந்தக அமிலத்தின் அடர்த்தி 1.84, அது நீரைவிடக் கனமானது. அமிலத்தின் மேல் நீரை ஊற்றினால், இலேசான நீர் மேலேயே நிற்கும். இரண்டும் சேரும் இடத்தில் தோன்றும் பெரும் வெப்பத்தால் அந்த நீர் அப்போதே கொதித்து, அமிலத் துளிகளோடு தெறிக்கும். நீரில் அமிலத்தை மெதுவாகச் சேர்த்தால், அமிலம் கீழிறங்கிக் கலக்கும். வெப்பத்தை நீர் முழுவதும் பகிர்ந்துகொள்ளும். கலக்கிக்கொண்டே சேர்க்க வேண்டும் என்பதற்கும் இதுவே காரணம்.

பழுப்பு வளையச் சோதனையில் அடர் கந்தக அமிலத்தைச் சோதனைக் குழாயின் சுவர் வழியே விடச் சொல்வதும் இதனால்தான். சட்டென்று ஊற்றினால் வளையம் கலைவதோடு, குழாய் வாயிலிருந்து அமிலமும் வெளிப்படலாம்.

அமிலத்தைக் கண்டு அஞ்சும் மாணவர்கள் காரத்தை எளிதாக எண்ணுகிறார்கள். கண்ணைப் பொறுத்தவரை சோடியம் ஹைட்ராக்சைடு பல அமிலங்களைவிடத் தீங்கானது. அமிலம் கண்ணின் மேற்பரப்பிலுள்ள புரதத்தைத் திரளச் செய்வதால், அந்தத் திரளே அது மேலும் உள்ளே செல்வதை ஓரளவு தடுக்கும். காரமோ திசுவைக் கரைத்துக்கொண்டே உள்ளே செல்லும். தொடக்கத்தில் வலி குறைவாக இருந்தாலும் சேதம் தொடர்ந்துகொண்டிருக்கும்.

கரிமச் சேர்மச் சோதனைகளில் ஆல்டிஹைடைக் கண்டறியப் பயன்படும் டாலன்ஸ் வினைப்பொருளுக்குத் தனி எச்சரிக்கை உண்டு. அம்மோனியா சேர்ந்த இந்த வெள்ளி நைட்ரேட் கரைசலை நாள்கணக்கில் வைத்திருந்தால், சிறு அசைவுக்கும் வெடிக்கக்கூடிய வெள்ளிச் சேர்மம் உருவாகும். தேவையான அளவை அன்றன்று தயாரித்து, சோதனை முடிந்ததும் நீர்த்த அமிலம் சேர்த்து அகற்றிவிட வேண்டும். அடுத்த வகுப்புக்கு எடுத்துவைக்கக் கூடாது.

கண், கை, உடை

பாதுகாப்புக் கண்ணாடி அணிவதில் "என் சோதனை ஆபத்தில்லாதது" என்ற வாதம் செல்லாது. தெறிப்பது பக்கத்து மேசையின் அமிலமாகவும் இருக்கலாம். பார்வைக் கண்ணாடி பக்கவாட்டில் திறந்திருப்பதால், அதன் மேலேயும் பாதுகாப்புக் கண்ணாடி அணிய வேண்டும். பியூரெட்டை நிரப்பும்போது அதைத் தாங்கியிலிருந்து கீழே இறக்கி, கண்மட்டத்துக்குக் கீழே வைத்து நிரப்ப வேண்டும். முக்காலி மேல் ஏறி நின்று தலைக்கு மேலே ஊற்றுவது, கண்ணில் ஊற்றிக்கொள்வதற்கு ஏறத்தாழ ஒப்பானது.

உடை குறித்து ஒரு நிகழ்வு உலகெங்கும் ஆய்வகங்களை விழிக்கச் செய்தது. 2008 டிசம்பர் 29 அன்று, அமெரிக்காவில் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரிலுள்ள கலிஃபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வகத்தில், 23 வயது ஆய்வு உதவியாளர் ஒருவர் காற்றுப்பட்டாலே தீப்பற்றும் லித்தியம் சேர்மம் ஒன்றை ஊசிக்குழலால் எடுத்துக்கொண்டிருந்தார். குழலின் தண்டு கழன்று நீர்மம் சிதறித் தீப்பற்றியது. அவர் ஆய்வக மேலங்கி அணிந்திருக்கவில்லை. செயற்கை இழையால் ஆன கம்பளிச் சட்டை அணிந்திருந்தார். அது எரிந்து உருகி உடலில் ஒட்டியது. 18 நாள்களுக்குப் பின், 2009 ஜனவரி 16 அன்று அவர் இறந்தார்.

நைலான், பாலியெஸ்டர் துணிகள் எரியும்போது உருகித் தோலில் ஒட்டும். பருத்தி எரியலாம், ஆனால் உருகி ஒட்டாது, எளிதில் கழற்றலாம். எனவே ஆய்வக மேலங்கி பருத்தியால் ஆனதாக, முழுக்கை உடையதாக இருக்க வேண்டும். துப்பட்டாவையும் சேலை முந்தானையையும் மேலங்கிக்குள் அடக்கிக்கொள்ள வேண்டும். நீண்ட கூந்தலைப் பின்னிக் கட்ட வேண்டும். பூச்சரம் சூடியிருந்தால் அது சுடரருகே தொங்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். செருப்பு போதாது, பாதத்தை முழுதும் மூடும் காலணி வேண்டும். மேசையிலிருந்து வழியும் அமிலம் முதலில் விழும் இடம் பாதம்தான்.

கையுறை எல்லாவற்றையும் தடுக்காது என்பதற்கு வேதனையான சான்று காரென் வெட்டர்ஹானின் மரணம். அமெரிக்காவின் டார்ட்மவுத் கல்லூரிப் பேராசிரியரான அவர், நச்சு உலோகங்களை ஆராய்வதில் வல்லுநர். 1996 ஆகஸ்டில் டைமெத்தில் பாதரசத்தின் சில துளிகள் அவருடைய லேடெக்ஸ் கையுறை மேல் விழுந்தன. அச்சேர்மம் நொடிகளில் கையுறையைக் கடந்துவிட்டது. சில மாதங்கள் எந்த அறிகுறியும் இல்லை. 1997 ஜூன் மாதம் அவர் இறந்தார். அன்றைய விதிகளின்படி அவர் சரியாகவே நடந்திருந்தார். கையுறையின் பொருள் தவறானது என்பது அதன் பிறகே உலகுக்குத் தெரிந்தது. பள்ளிகளில் இத்தகைய நஞ்சு இல்லை. ஆனால் கையுறை கிழிந்தாலோ நனைந்தாலோ உடனே மாற்ற வேண்டும். கையுறையோடு கைப்பேசி, கதவுப்பிடி, முகம் ஆகியவற்றைத் தொடக்கூடாது.

வாயும் மூக்கும்

தரம்பார்த்தல் சோதனையில் ஆக்சாலிக் அமிலக் கரைசலைப் பிப்பெட்டால் வாய் வைத்து உறிஞ்சும் பழக்கம் பல இடங்களில் இன்னும் தொடர்கிறது. ஆக்சாலிக் அமிலம் நஞ்சு. உடலுக்குள் சென்றால் சிறுநீரகத்தைப் பாதிக்கும். கரைசல் மட்டம் குறைந்து பிப்பெட்டின் நுனி வெளியே வந்த நொடியில், உறிஞ்சியது முழுவதும் காற்றோடு வாய்க்குள் பாயும். சிறிய ரப்பர் குமிழ் ஒன்று இதைத் தடுத்துவிடும். குமிழ் இல்லையெனில் பியூரெட்டாலோ அளவு உருளையாலோ அளக்க ஆசிரியரிடம் கேட்கலாம். துல்லியம் சற்றுக் குறைந்தாலும் குற்றமில்லை.

வாயுவை முகரும்போது மூக்கைக் குழாயருகே கொண்டுசெல்லாமல், கையால் விசிறி முகர வேண்டும். உப்புப் பகுப்பாய்வில் வரும் ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு அழுகிய முட்டை நாற்றம் உடையது. செறிவு கூடும்போது அது முகரும் நரம்பையே மரத்துப்போகச் செய்யும். நாற்றம் நின்றுவிட்டால் வாயு போய்விட்டது என்று நம்பக்கூடாது. புகை வெளியேற்றும் பெட்டி இல்லாத ஆய்வகத்தில் இச்சோதனைகளைச் சன்னலோரம், மிகச் சிறிய அளவில், சிலர் சிலராகச் செய்வதே நல்லது.

கண்ணாடி, உருளை, மின்சாரம்

பள்ளி ஆய்வகத்தில் அடிக்கடி நேர்பவை வெட்டுக்காயமும் சூட்டுக்காயமும். சூடான கண்ணாடியும் ஆறிய கண்ணாடியும் பார்வைக்கு ஒன்றே. தொடும் முன் புறங்கையை அருகே கொண்டுசென்று வெப்பம் தெரிகிறதா என்று பார்க்க வேண்டும். கண்ணாடிக் குழாயை ரப்பர் அடைப்பானில் நுழைக்கும்போது கிளிசரினோ நீரோ தடவி, துணியால் பிடித்து, அடைப்பானுக்கு அருகிலேயே பற்றி, திருகித் திருகி நுழைக்க வேண்டும். தள்ளி நுழைத்தால் குழாய் ஒடிந்து உள்ளங்கையைக் குத்தும். சோதனைக் குழாயைச் சூடாக்கும்போது அதன் வாய் எவரையும் நோக்கி இருக்கக்கூடாது.

கல்லூரிகளில் உள்ள அழுத்த வாயு உருளைகளில் ஏறத்தாழ 150 வளிமண்டல அழுத்தம் அடங்கியிருக்கும். உருளை சாய்ந்து வால்வு உடைந்தால் அது ஏவுகணைபோலப் பாயும். அதனால்தான் சங்கிலியால் சுவரோடு பிணைத்து நிறுத்துகிறார்கள். 2018 டிசம்பர் 5 அன்று பெங்களூரில் உள்ள இந்திய அறிவியல் நிறுவனத்தின் ஆய்வகம் ஒன்றில் வாயு உருளை தொடர்பான வெடிப்பில் ஓர் ஆய்வாளர் இறந்தார், மூவர் படுகாயமடைந்தனர். நாட்டின் முன்னணி நிறுவனத்திலும் இது நேரும் என்பதை அது காட்டியது.

இயற்பியல் ஆய்வகத்தில் ஈரக்கையோடு மின்சுற்றைத் தொடக்கூடாது. இணைப்புகள் எல்லாவற்றையும் ஆசிரியர் பார்த்த பிறகே மின்சாரம் செலுத்த வேண்டும். லேசர் ஒளியை நேராகவும், கண்ணாடியில் எதிரொளித்தும் கண்ணில் படவிடக் கூடாது.

பாதரசம்: கொடைக்கானல் தரும் பாடம்

வெப்பநிலைமானி உடைந்து உருண்டோடும் பாதரசத்தைக் கையில் வைத்து விளையாடாத மாணவர் குறைவு. பாதரசத்தின் ஆபத்து அதன் ஆவியில் உள்ளது. அறை வெப்பநிலையிலேயே ஆவியாகும். வெப்பம் கூடக் கூட ஆவியும் மிகும். அதற்கு மணமில்லை. தொடர்ந்து சுவாசித்தால் நரம்பு மண்டலத்தையும் சிறுநீரகத்தையும் பாதிக்கும்.

தமிழ்நாட்டில் இதைப் பொதுமக்கள் அறிந்தது கொடைக்கானல் வழியாக. அங்கு 1980களில் தொடங்கப்பட்ட வெப்பநிலைமானித் தொழிற்சாலை, பாதரசம் கலந்த கண்ணாடிக் கழிவுகள் பழைய இரும்புக் கடையில் கண்டறியப்பட்ட பின் 2001இல் மூடப்பட்டது. நீண்ட போராட்டத்துக்குப் பின் 2016இல் 591 முன்னாள் தொழிலாளர்களுடன் நிறுவனம் உடன்பாடு செய்துகொண்டது. பாதரசப் பயன்பாட்டைக் குறைக்கும் மினமாட்டா ஒப்பந்தத்தை இந்தியா 2018இல் ஏற்றது.

ஆய்வகத்தில் பாதரசம் சிந்தினால் துடைப்பத்தால் பெருக்கக்கூடாது; துளிகள் சிதறி ஆவியாகும் பரப்பு கூடும். சன்னல்களைத் திறந்து, தாளால் துளிகளை ஒன்றுசேர்த்து, மூடியுள்ள புட்டியில் எடுக்க வேண்டும். இடுக்குகளில் கந்தகத் தூளைத் தூவலாம். தொட்டியில் கொட்டக்கூடாது. ஆல்கஹால் அல்லது எண்முறை வெப்பநிலைமானிக்கு மாறுவதே நிலையான தீர்வு.

உயிரியல் ஆய்வகம்

விலங்கு மாதிரிகளைப் பதப்படுத்தும் ஃபார்மலின் கரைசலில் உள்ள ஃபார்மால்டிஹைடு, மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருளாக வகைப்படுத்தப்பட்டது. மாதிரிகளைக் கையுறை அணிந்து, நீரில் நன்கு கழுவிய பிறகே கையாள வேண்டும். நுண்ணுயிர் வளர்ப்புத் தட்டுகளைத் திறந்து முகர்ந்து பார்க்கக்கூடாது. பயன்படுத்தியவற்றை 121 டிகிரி நீராவியில் 15 நிமிடத்துக்குக் குறையாமல் வைத்து, கிருமிகளைக் கொன்ற பின்னரே அகற்ற வேண்டும்.

பெயர்ச்சீட்டும் கழிவும்

நீர்த்த அமிலம், காரம், உப்புக் கரைசல், ஸ்பிரிட் எல்லாம் பார்வைக்கு நீர் போன்றவை. பெயர்ச்சீட்டு இல்லாத புட்டி எதுவாக இருந்தாலும் அதை ஆபத்தானது என்றே கொள்ள வேண்டும். குடிநீர்ப் புட்டியில் வேதிப்பொருளை ஊற்றிவைப்பது எக்காரணத்தாலும் கூடாது. பெயர்ச்சீட்டில் பெயர், செறிவு, தயாரித்த நாள் ஆகியவை இருக்க வேண்டும். சிவப்பு விளிம்புடைய சாய்சதுரங்களில் உள்ள தீ, மண்டையோடு, அரிக்கும் நீர்மம் முதலிய ஒன்பது படங்கள் உலகப் பொதுக் குறியீடுகள். அவற்றைப் படிக்கத் தெரிந்தால், புட்டியில் எழுதியுள்ள மொழி தெரியாவிட்டாலும் அபாயம் புரியும்.

அலமாரியில் அகரவரிசைப்படி அடுக்குவது தேட எளிது, ஆனால் பாதுகாப்பன்று. பொட்டாசியம் பெர்மாங்கனேட்டும் கிளிசரினும் சேர்ந்தால் சிறிது நேரத்தில் தானே தீப்பற்றும். நைட்ரிக் அமிலத்தை ஆல்கஹால், அசிட்டோன் அருகே வைக்கக்கூடாது. பிளீச்சிங் பவுடரோடு அமிலம் சேர்ந்தால் குளோரின் வாயு வரும். கழிவறையைக் கழுவும்போது வீட்டிலும் இது நேரும்.

கழிவை முறையாக அகற்றாமல் விட்டதன் விளைவைத் தில்லியின் மாயாபுரி காட்டியது. தில்லிப் பல்கலைக்கழக வேதியியல் துறையில் நெடுங்காலம் பயன்படாமல் கிடந்த, கோபால்ட்-60 கொண்ட கதிர்வீச்சுக் கருவி ஒன்று 2010இல் பழைய பொருளாக ஏலம் விடப்பட்டது. மாயாபுரியின் பழைய இரும்புச் சந்தையில் அதைப் பிரித்தபோது தொழிலாளர்கள் கதிர்வீச்சுக்கு ஆளாயினர். ஒருவர் இறந்தார், வேறு சிலர் கடுமையாகப் பாதிக்கப்பட்டனர். அவர்கள் யாரும் ஆய்வகத்துக்குள் கால் வைத்தவர்கள் அல்லர். ஆய்வகத்தில் தேவையற்றதாகிவிட்ட பொருளின் ஆபத்து, வாசலைத் தாண்டி அதைப் பற்றி எதுவும் அறியாதவரைச் சென்றடைகிறது. உடைந்த கண்ணாடியைக் குப்பைக் கூடையில் போட்டால், அடுத்த நாள் அதை அள்ளும் தூய்மைப் பணியாளரின் கை வெட்டுப்படுவதும் இதன் சிறிய வடிவமே. கண்ணாடிக்குத் தனி அட்டைப்பெட்டி வைத்து, மேலே எழுதி ஒட்ட வேண்டும்.

விபத்து நேர்ந்தால்

முதல் சில நொடிகளில் செய்வதே பல நேரங்களில் விளைவைத் தீர்மானிக்கிறது.

கண்ணில் வேதிப்பொருள் பட்டால்: இமைகளை விரித்துப் பிடித்து, ஓடும் நீரில் குறைந்தது 15 நிமிடம் கழுவ வேண்டும். அமிலத்துக்குக் காரமும் காரத்துக்கு அமிலமும் கண்ணில் விடக்கூடாது. அந்த வினையின் வெப்பம் புதிய காயத்தை உண்டாக்கும்.

தோலில் பட்டால்: நனைந்த உடையைக் கழற்றிவிட்டு நிறைய நீரில் கழுவ வேண்டும். வெட்கப்பட்டுத் தாமதிக்கக்கூடாது, ஆசிரியர் மறைப்புக்கு ஏற்பாடு செய்வார்.

தீக்காயம் என்றால்: 20 நிமிடம் குளிர்ந்த ஓடும் நீரில் காட்ட வேண்டும். பற்பசை, பேனா மை, மாவு, எண்ணெய் எதுவும் தடவக்கூடாது. அவை வெப்பத்தை உள்ளே தேக்கும். மருத்துவர் காயத்தைப் பார்ப்பதையும் கடினமாக்கும்.

உடையில் தீப்பற்றினால்: ஓடக்கூடாது, காற்று தீயை வளர்க்கும். முகத்தை மூடிக்கொண்டு தரையில் படுத்து உருள வேண்டும்.

அமிலமோ காரமோ விழுங்கினால்: வாந்தி எடுக்கச் செய்யக்கூடாது. வெளியே வரும்போது அது உணவுக்குழாயை மறுமுறையும் அரிக்கும். புட்டியின் பெயர்ச்சீட்டோடு மருத்துவமனைக்கு அழைத்துச் செல்ல வேண்டும்.

மருத்துவ ஊர்திக்கு 108, தீயணைப்புக்கு 101, இரண்டுக்கும் பொதுவாக 112 ஆகிய எண்களை ஆய்வகக் கதவில் பெரிதாக எழுதி வைக்கலாம். திருவண்ணாமலையில் பௌர்ணமி நாள்களில் 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையிலும் அதை ஒட்டிய சாலைகளிலும் மக்கள் வெள்ளம் நிறைந்திருக்கும். அன்று ஊர்தி வந்துசேரக் கூடுதல் நேரம் ஆகலாம். அதுவரை காப்பாற்றப்போவது ஆய்வகத்தில் உள்ள நீரே. குழாயில் நீர் வராத நாளில் அமிலச் சோதனை செய்வதாக இருந்தால், மூடியிட்ட தொட்டியிலோ பெரிய வாளிகளிலோ தூய நீரை நிரப்பி, குவளையுடன் மேசையருகே வைத்த பிறகே தொடங்க வேண்டும். அதற்கும் வழியில்லையெனில் சோதனையை மறுநாளைக்குத் தள்ளிவைப்பதே சரி.

தொடங்கும் முன் கேட்க வேண்டியவை

பெரிய கருவிகள் வாங்க எல்லாப் பள்ளிகளாலும் இயலாது. ஆனால் பின்வரும் கேள்விகளைக் கேட்கச் செலவில்லை; இரண்டு நிமிடம் போதும்.

1. நான் கையில் எடுக்கும் புட்டியில் பெயர்ச்சீட்டு உள்ளதா? அதை முழுதும் படித்தேனா?
2. குழாயைத் திறந்து பார்த்தேனா? நீர் வருகிறதா?
3. சன்னல்கள் திறந்துள்ளனவா? அருகில் சுடர் எரிகிறதா?
4. கண்ணாடி, மேலங்கி, காலணி அணிந்துள்ளேனா? துப்பட்டாவும் கூந்தலும் அடங்கியுள்ளனவா?
5. தீயணைப்பான், மணல் வாளி, முதலுதவிப் பெட்டி ஆகியவை எங்கே உள்ளன? வெளியேறும் வழியில் பைகள் கிடக்கின்றனவா?
6. இன்றைய வெப்பத்தில் இப்பொருள் எப்படி நடந்துகொள்ளும்?
7. சோதனை முடிந்தபின் மிச்சத்தை எங்கே சேர்க்க வேண்டும்?

இவற்றுள் ஒன்றுக்கேனும் விடை தெரியாவிட்டால் ஆசிரியரைக் கேட்ட பிறகே தொடங்க வேண்டும். செய்முறைத் தேர்வின்போதும் இது பொருந்தும். தேர்வில் சில நிமிடம் போனால் ஒன்றிரண்டு மதிப்பெண் குறையலாம். கண் பார்வை போனால் திரும்பக் கிடைக்காது.